மூன்றாவது வரிசைக் குடை

மின்கட்டண ரசீதின் பின்புறத்தில்
நடுவே கோடு கிழித்தேன்.
இடப்பக்கம் கடல்.
வலப்பக்கம் யூரோ.

கையில் எண்ணூற்று நாற்பது.
ஜூலைக் கடைசி வாரம் எனக்கு,
ஆகஸ்ட் முதல் பாதி ரென்சோவுக்கு என்று
நீதிமன்றம் பங்கு போட்டுத் தந்த கோடை.
அவன் மிர்த்தாவை சார்டினியா கூட்டிப்போகிறான்,
கப்பலில், காரோடு.
அங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்குமாம்.
மூன்று முறை சொல்லிவிட்டாள்.
நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

பியாசென்சாவில் மே மாதமே புழுங்குகிறது.
போ நதிக் கொசுக்கள்
லிஃப்ட் இல்லாத நாலாவது மாடிக்கு
என்னைவிட வேகமாக ஏறி வருகின்றன.

டைல்ஸ் கிடங்கில் என் பக்கத்து மேஜை நீவெஸ்
லிகூரியாவைத் தவிர வேறெதையும்
கடலென்று ஒப்புக்கொள்வதில்லை.
மலை இறங்கி வந்து கரைமேலேயே உட்கார்ந்துவிட்ட ஊர்கள்.
மிச்சமிருக்கும் கூழாங்கல் துண்டில்
ஒரு குடைக்கும் இரண்டு சாய்நாற்காலிக்கும்
ஒரு நாள் வாடகை கேட்டேன்.
விரலுக்கேத்த வீக்கம் வேண்டாமா.
"காசில்லாக் கரையும் உண்டு,
சாக்கடை வந்து விழுமே, அதற்குப் பக்கத்தில்.
ஆறு மணிக்கே துண்டு விரித்து இடம் பிடிக்கணும்"
என்றாள் நீவெஸ்,
கொஞ்சம் பெருமையாக.

கலாப்ரியா மலிவு.
நீலமென்றால் அப்படியொரு நீலம்.
ஆனால் நாப்போலியில் ரயில் மாறி,
பெட்டியின் மேல் பெட்டியாக உட்கார்ந்து,
போக ஒரு நாள், வர ஒரு நாள்.
"ஏழில் ரெண்டு போனா அஞ்சு"
மிர்த்தாவே கழித்துச் சொன்னாள்.

அப்புறம் இருப்பது
எல்லாரும் கேலி செய்யும் ரோமாஞ்ஞாக் கரை.
அணிவகுத்து நிற்கும் குடைகள்.
முதல் வரிசை காசுள்ளவர்களுக்கு.
எட்டாவது வரிசையில்
கடல் ஒரு வதந்தி.
தண்ணீர் பழுப்பு;
நூறு எட்டு உள்ளே நடந்தாலும்
முழங்கால்தான் நனையும்.

வரிசையாக போன் போட்டேன்.
அறையிலிருந்து கடல் தெரியுமா?
தெரியும், சிக்னோரா.
தெரியாமலா, சிக்னோரா.
சற்றே பக்கவாட்டில் தெரியும், சிக்னோரா.

ஐந்தாவது, பெல்லாரியாவில்,
பெயரிலேயே கடலைப் பார்க்கச் சொல்லும்
பென்சியோனே மிராமாரே.
எடுத்தவள் பெயர் யோலாண்டா.
பின்னால் தட்டுகள் மோதும் சத்தம்.
"தெரியாது" என்றாள்.
"கழிப்பறை மூடிமேல் ஏறி நின்று
சின்ன ஜன்னலைத் திறந்தால்
ஒரு கை அகலம் தெரியும்.
ஏறாதீர்கள்.
போன வருஷம் ஒரு பல்மருத்துவர் விழுந்து
மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்."

இரண்டு பேர், ஏழு நாள், மூன்று வேளைச் சாப்பாடு,
மூன்றாவது வரிசைக் குடை,
எல்லாம் சேர்த்து எழுநூற்று நாற்பது.
ரயிலுக்கு அறுபத்திரண்டு.
ஐஸ்கிரீமுக்கு முப்பத்தெட்டு.

சரியென்று சொல்ல வாயெடுத்தபோது
மிர்த்தா என் சட்டையை இழுத்தாள்.
"அந்த நூறு எட்டு
உன் எட்டா, என் எட்டா?"

உன் எட்டென்றால் இருநூறு, என்றேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் குரல் தாழ்ந்தது.
அப்பா படகிலிருந்து குதிக்கச் சொல்வாராம்.
தண்ணீருக்குள் முகம் வைக்கவே பயமாம்.
நீச்சல் வகுப்பில் ஆசிரியை திரும்பும்போது மட்டும்
தலைமுடியை நனைத்துக்கொள்வாளாம்.
"அப்பாகிட்ட சொல்லாதே.
முதல்ல அங்க போய்ப் பழகிக்கறேன்.
பழுப்புன்னா நல்லதுதான்,
அடியில என்ன இருக்குன்னு தெரியாது."

போனில் யோலாண்டா
யாரையோ உப்புக்காகத் திட்டிக்கொண்டிருந்தாள்.
எடுத்துக்கொள்கிறோம் என்றேன்,
தேவையைவிடச் சத்தமாக.

ரசீதைத் திருப்பினால்
கட்ட வேண்டிய கடைசி நாள், நேற்று.
முப்பத்தெட்டு இருபதாகும்.
ஆகட்டும்.

இரவு குளியலறைக் கதவு சாத்தியிருக்கிறது.
கைகழுவும் தொட்டியில் தண்ணீர் நிறையும் சத்தம்,
நிற்கும் சத்தம்.
நான் வெளியே, ஈரத்துணி கையில், எண்ணுகிறேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றுக்குள் மூச்சு வெடித்து
இருமல்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
மறுபடி குழாய் திறக்கிறது.